சீராக்கல் பணியகம் சீரடைந்த விதம்

இளையோர் சீராக்கல் பணியகம் தன்னைச் சீராக்கிக்கொள்ளத் தொடங்கிய அதே வாரத்தில்தான் ராஜலிங்கத்தின் மகன் பொலிசில் பிடிபட்டான். ஒரு மாதம் முந்திப் பிடிபட்டிருந்தால் சுணங்காமல் வீடு வந்திருப்பான் என்று பிறகு பலரும் சொன்னார்கள். பதினாறு வயதுப் பையன் அரசாங்கத்தின் வேலைத்திட்டத்தைக் கேட்டுக்கொண்டா தப்புச் செய்கிறான்?

ராஜலிங்கம் கண்டியில் செல்லப்பா முதலாளியின் புடவைக் கடையில் வாசல் செக்கியூரிட்டி. காலையில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து நீலச் சட்டையும் தொப்பியுமாக இறங்கி வருவான். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சலாம் வைப்பதும், போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதும் அவன் வேலை. ஊரார் பையை எல்லாம் பார்க்கிற மனிதன் தன் வீட்டுப் பக்கம் களவு என்ற சொல்லே எட்டிப் பார்க்காது என்று நம்பியிருந்தான்.

மகன் மோகனதாஸ் செய்தது இதுதான். ஹந்தானைக்கு மலை பார்க்க வந்த கம்பஸ் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளைச் சாவியோடு விட்டுவிட்டு போட்டோ எடுக்கப் போனார். மோகனதாஸ் அதில் ஏறி மலையிறங்கி, பேராதனைப் பக்கம் பெட்ரோல் தீரும்வரைக்கும் ஓட்டினான். தீர்ந்த இடத்தில் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஏன் ஓடவில்லை என்று பொலிஸ் கேட்டபோது, "யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றானாம்.

மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீதவானும் நல்ல மனிதர். சீராக்கல் உத்தியோகத்தர் ஒருவர் பையனின் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை தரட்டும், அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், அதுவரைக்கும் பணியகத்தின் இல்லத்தில் இருக்கட்டும் என்றார். ஒரு வீட்டுக்குப் போவது, ஒரு அறிக்கை எழுதுவது. ராஜலிங்கத்துக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. டிசம்பரில் பையனுக்கு ஓ.எல். சோதினை, பள்ளிக்கூடத்தின் பெரிய பரீட்சை. அதற்குள் வந்துவிடுவான்.

லயத்தில் மனைவி சந்திரிகா ஒரு கதை கட்டிவிட்டாள். பையன் ஹேவாஹெட்டையில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். கேட்டவர்கள் நல்லது என்றார்கள். கேட்ட மாதிரியே நம்பினார்களா என்று அவள் ஆராயப் போகவில்லை.

முதல் நாள் பணியகத்துக்குப் போனபோது ராஜலிங்கத்துக்கு இடம் தவறிவிட்டதோ என்று தோன்றியது. வாசலில் அலுமாரிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே சுவருக்கு வானநீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கதிரை ஒன்றும் இல்லை. திகனவிலிருந்து வருகிற நளீர் என்ற உத்தியோகத்தர் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மோகனதாஸின் கேஸ் அவருடையதுதான்.

"முந்தியெண்டா நான் நாளைக்கே பைக்ல உங்கட வீட்டுக்கு வந்தீப்பன்" என்றார் நளீர். "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு, ரெண்டு பக்கம் எழுதி, அடுத்த கோர்ட் தவணைக்குக் குடுத்தீப்பன். இப்ப ஏலா. பணியகத்த மேம்படுத்துறாங்க."

"மேம்படுத்துனா இன்னும் வெரசா நடக்குமில்லீங்க சார்?"

நளீர் பேனையை மூடி வைத்தார். "பைக் எல்லாத்தயும் மேம்பாட்டு வேலைக்கு எடுத்துட்டாங்க. பழைய அறிக்கை முறைய நிப்பாட்டியாச்சு. புது முறை இன்னம் வரல்ல."

"அப்ப இப்ப எந்த முறைங்க நடக்குது?"

"இப்ப மாற்றம் நடக்குது" என்றார் நளீர். அவருக்கே அது போதாத பதிலாகப் பட்டிருக்க வேண்டும். எழுந்து உதவிப் பணிப்பாளரிடம் கூட்டிப் போனார்.

உதவிப் பணிப்பாளர் மங்களேஸ்வரி யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு மாற்றலாகி வந்து கனகாலம். கெட்டிக்காரி, கைசுத்தம், யாரையும் அதட்டிப் பேசி ராஜலிங்கம் ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை.

"வாங்கோ ஐயா. ஒரு வெளிநாட்டு உதவியில எங்கட சேவை முழுக்க மாறப்போகுது" என்றார். "முந்தி நாங்கள் என்ன செய்தனாங்கள் தெரியுமே? பிள்ளை வந்த கையோட வீட்டுக்கு அனுப்பிப்போடுவம். சேவை தொடங்க முதலே பிள்ளை போயிடும். பிள்ளை இல்லாமல் சேவையை எப்பிடி மேம்படுத்துறது? இப்ப நாங்கள் அவசரப்படுறேல்லை."

"மேடம், எம் மகன் செஞ்சது குத்தந்தான்..."

"அந்தச் சொல்லு வேண்டாம்" என்று மங்களேஸ்வரி மென்மையாகத் தடுத்தார். "குற்றம், குற்றவாளி, மறியல், சிறை எல்லாத்தையும் எடுத்துப்போட்டம். உங்கட மகன் இப்ப சேவை பெறுநர்."

ராஜலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மகன் கள்ளன் இல்லை, சேவை பெறுநர். அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அவனிடம் அதைச் சொன்னான். கம்பிக்கும் வானநீலம் அடித்திருந்தார்கள். பெயின்ட் காயவில்லை, தொட வேண்டாம் என்றார் நீலச் சட்டையும் தொப்பியுமாகக் காவலுக்கு நின்றவர். மகன் கேட்டது பள்ளிக்கூடப் புத்தகங்களை. ராஜலிங்கம் கொண்டுபோனான். வெளிப் பொருட்களுக்கான கொள்கை தயாராகிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தவணையில் நீதவான் அறிக்கை எங்கே என்று கேட்டார். பணியகத்தின் சார்பில் வந்தவர் எழுந்து மேம்பாடு நடப்பதை விளக்கினார். மேம்பாட்டை யார்தான் வேண்டாம் என்பது? நீதவான் தவணை கொடுத்தார். அதற்கு அடுத்த தவணையிலும் அதே விளக்கம், அதே தவணை.

பிறகு ராஜலிங்கத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் பெற்றோரின் கருத்தைக் கேட்கும் கூட்டம். ஹோட்டலில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்று அவனுக்குக் கூச்சம். முதலாளியிடம் கம்பளையில் ஒரு சாவு என்று சொல்லி லீவு கேட்டான். யார் செத்தது என்று முதலாளி கேட்டதும் வாயில் வந்தது "மச்சான்". சந்திரிகாவின் தம்பி அன்றைக்குக் கம்பளையில் உயிரோடு தேங்காய் வியாபாரம் செய்துகொண்டிருந்தான்.

ஹோட்டலில் கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிட்டார்கள். பெற்றோர் என்று வந்திருந்தது அவனும் சிங்களத் தாய் ஒருத்தியும்தான். மற்ற எல்லோரும் பெற்றோரின் கருத்தைக் கேட்க வந்தவர்கள். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் ஆளுக்கொரு கலர்த் துண்டு கொடுத்து, உங்கள் தேவையை எழுதுங்கள் என்றார். ராஜலிங்கம் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினான்: "எனது மகனை வீட்டுக்கு அனுப்பினால் போதும்."

ஆலோசகர் அதை வாங்கி ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சுவரில் ஒட்டினார். சுவரில் உடனடித் தேவை, இடைக்காலத் தேவை, நீண்டகாலத் தேவை என்று மூன்று பிரிவு. துண்டு நீண்டகாலத் தேவையின் கீழே போயிற்று. உடனடித் தேவையின் கீழே ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தது. வான் ஒன்று, ஏசி போட்டது.

"சார், அத இந்தப் பக்கம் ஒட்ட ஏலாதுங்களா?" என்று கேட்டான்.

"நல்ல கேள்வி" என்றார் ஆலோசகர். அதையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டினார்.

மத்தியானச் சாப்பாடு ராஜலிங்கம் கல்யாணத்திலும் பார்க்காதது. கடைசியில் கேக் வைத்தார்கள். மகனுக்குக் கேக் பிடிக்கும். யாரும் பார்க்காத நேரம் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றிக் கால்சட்டைப் பைக்குள் வைத்தான். வெளியே வரும்போது வாசலில் அவனைப்போலவே தொப்பி போட்ட ஒருவர் நின்றார். அவர் பார்த்த பார்வையில் ராஜலிங்கத்துக்குத் தொடை வேர்த்தது. எத்தனை பேரை அவன் அப்படிப் பார்த்திருப்பான். வாவிக்கரைச் சுவரில் உட்கார்ந்து நசுங்கின கேக்கை வெளியே எடுத்தவன், கொண்டுபோகவும் மனமில்லாமல், தின்னவும் மனமில்லாமல், மீனுக்குப் போட்டான்.

அன்றைக்கு ஹோட்டலில் அவனை எடுத்த போட்டோவும் இல்லத்தில் மகனை எடுத்த போட்டோவும் சேர்ந்து ஒரு பதாகையாக நகரத்தில் ஏறின. தகப்பனும் மகனும் தோளோடு தோள். பிள்ளையின் அடையாளத்தைக் காப்பது பணியகத்தின் கண்டிப்பான சட்டம் என்பதால் மோகனதாஸின் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பெற்றோருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ராஜலிங்கம் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே மூன்று மொழியிலும் ஒரே வாசகம்: "எங்கள் பிள்ளை, எங்கள் பொறுப்பு." அந்தப் பதாகைகளில் ஒன்று செல்லப்பா முதலாளியின் கடைக்கு நேர் எதிரே இருந்த கம்பத்தில் தொங்கியது.

முதலாளி வெற்றிலை துப்ப வாசலுக்கு வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பதாகையைப் பார்த்தார், ராஜலிங்கத்தைப் பார்த்தார்.

"அது நீதானே?"

"ஆமாங்க மொதலாளி."

"பக்கத்துல யாரு? கண்ண ஏன் மறச்சிருக்கு?"

ராஜலிங்கம் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டான். "கண் ஆஸ்பத்திரி விளம்பரங்க. சும்மா நில்லுன்னு சொன்னாங்க. அந்தப் பையன் யாருன்னு தெரியாதுங்க."

முதலாளி உள்ளே போய்விட்டார். ராஜலிங்கம் வாசலில் நின்றான். நாள் முழுக்க எதிரே மகன் கறுப்புப் பட்டைக்குள்ளிருந்து அவனைப் பார்த்தபடி நின்றான். ஒரு வாடிக்கைக்காரம்மா பையைத் திறந்து நீட்டிக்கொண்டு காத்திருந்ததுகூட அவன் கண்ணில் படவில்லை. அன்றைக்கு மலையேறும்போது வழக்கமாக இளைப்பாறும் இடத்தில் நிற்காமல் ஏறினான். சந்திரிகாவிடம் எதையும் சொல்லவில்லை.

நவம்பர் பிறந்தது. சோதினை அட்டை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டதாக அதிபர் சொல்லியனுப்பினார். ராஜலிங்கம் மங்களேஸ்வரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். இப்போது கதிரைகள் வந்திருந்தன. உருளுகிற கதிரைகள்.

"மேடம், சோதனை வருதுங்க. அறிக்கைய மட்டும் குடுத்தீங்கன்னா..."

"ஐயா, ஒளிக்காமல் சொல்லுறன்" என்றார் மங்களேஸ்வரி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புது நிலையம் திறக்கப்போறம். பிரதி அமைச்சர் வாறார். மும்மொழி நிலையம் எண்டு வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் குடுத்திட்டம். இல்லத்தில இருக்கிற ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை உங்கட மகன். அவரையும் அனுப்பிப்போட்டால் மூண்டாவது மொழிக்கு நான் எங்க போறது? ஒரு தமிழ் அதிகாரியா எனக்கு இது எவ்வளவு முக்கியம் எண்டு உங்களுக்கு விளங்கும்தானே. எங்கட ஆக்களுக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுறன்."

அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ராஜலிங்கம் அவரைத் தேற்றுகிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தான். படியிறங்கும்போதுதான் தான் எதற்காகப் போனோம் என்று நினைவு வந்தது.

திறப்புவிழாவை அமைச்சரின் வசதிக்காக இரண்டு தரம் தள்ளிவைத்தார்கள். கடைசியில் குறித்த நாள் சோதினை தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. விழாவுக்குத் திரைச்சீலையும் ரிப்பனும் அன்பளிப்பாகக் கொடுத்தவர் செல்லப்பா முதலாளி. அது ராஜலிங்கத்துக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் நுழைந்து முன்வரிசையில் முதலாளியின் வழுக்கைத் தலையைக் கண்டபோது தெரிந்தது. திரும்பி ஓட நினைத்தான். அதற்குள் ஒரு பெண் அவன் சட்டையில் பூக்குத்திவிட்டாள்.

அமைச்சர் நன்றாகப் பேசினார். "இவ்வளவு பெரிய நிலையம் இந்த மாகாணத்தில் வேறில்லை. இத்தனை கட்டில், இத்தனை மின்விசிறி. இதில் ஒரு கட்டில்கூட வெறுமையாகக் கிடக்கக் கூடாது. அதற்கு இளைஞர்கள்தான் முன்வர வேண்டும். அடுத்த வருடம் இதைவிட இரண்டு மடங்கு பிள்ளைகள் இங்கே வருவார்கள் என்று உங்களுக்கு வாக்குறுதி தருகிறேன்." மண்டபம் கைதட்டியது. தட்டின பிறகு ஒன்றிரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை நினைத்துக் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது.

அடுத்தது ஒப்படைக்கும் நிகழ்ச்சி. மோகனதாஸைக் கூட்டி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்த்து வாரின தலை. மெலிந்திருந்தான். அமைச்சர் அவன் கையைப் பிடித்து ராஜலிங்கத்தின் கையில் வைத்தார். கமெராக்கள் மின்னின. இன்னொரு தரம் என்றார் ஒரு கமெராக்காரர். கையை எடுத்து மறுபடி வைத்தார்கள். ராஜலிங்கம் மகனின் கையை இறுக்கிப் பிடித்தான். முடிந்தது, எல்லாம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை இவன் சோதினைக்குப் போவான். மைக்கை நீட்டினார்கள். "ரொம்ப நன்றிங்க" என்றான். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த ஒதவிய மறக்க மாட்டோம்."

மேடைக்குப் பின்பக்கம் நளீர் காத்துக்கொண்டு நின்றார். முகம் சரியில்லை.

"ராஜலிங்கம், இது படத்துக்கு மட்டுந்தான். கோர்ட் ஓடர் இல்லாம விட ஏலா. அறிக்கை இன்னம் போகல்ல. அங்க வான் நிக்கிது."

ராஜலிங்கம் கையை விடவில்லை. மகன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். பேச்சுச் சத்தம் கேட்டு மங்களேஸ்வரி வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டார். அவர் அப்படிப்பட்டவர்.

"ஐயா, நீங்களே கொண்டுபோய் வானில ஏத்திவிடுங்கோ" என்றார். "ஆக்கள் பாக்கினம். இழுபறி மாதிரித் தெரியக் கூடாது. நீங்கள் ஏத்திவிட்டால் வடிவா இருக்கும்."

புத்தம் புது ஏசி வான். ராஜலிங்கம் மகனைக் கூட்டிக்கொண்டு அதுவரைக்கும் நடந்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை, பிடிக்கவில்லை, ஒரு பொலிஸ்காரன்கூடப் பக்கத்தில் இல்லை. அவனாகவேதான் நடந்தான். வான் கதவு கனமாக இருந்தது. அதை அவனே திறந்தான். மகன் ஏறி உட்கார்ந்ததும், பழக்கத்தில், கை தானாக நெற்றிக்குப் போய்ச் சலாம் வைத்துவிட்டது. அதை மகனும் பார்த்தான்.

திரும்பினால் செல்லப்பா முதலாளி நின்றார்.

"உம் மகனா அது?"

இந்தத் தரம் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "ஆமாங்க."

"அடப்பாவி, முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார் முதலாளி. முகமெல்லாம் சந்தோஷம். "அமைச்சர் நம்ம கட செக்கியூரிட்டி கையப் புடிக்கிறாரு, நான் என் கண்ணால பாக்கிறேன். அந்தப் போட்டோவில ஒன்னு எனக்கு வேணும். கடையில பிரேம் போட்டு மாட்டுவோம்."

ராஜலிங்கம் சரி என்று தலையாட்டினான். இதற்குப் பயந்தா அன்றைக்கு யாரென்று தெரியாது என்றோம் என்று நினைத்தபோது, நின்ற இடத்திலேயே தரை விலகிப்போனால் நல்லது என்றிருந்தது.

திங்கட்கிழமை சோதினை தொடங்கியது. தமிழ்ப் பாடம் மோகனதாஸ் இல்லாமல் நடந்தது. சமயமும் நடந்தது. புதன்கிழமை பின்னேரம் மழைக்குள்ளே குடையைப் பிடித்துக்கொண்டு நளீர் ஹந்தானை மலையேறி வந்தார். பஸ்ஸில் வந்து மிச்சத்தை நடந்திருந்தார். சப்பாத்தெல்லாம் சேறு.

"சார், பணியகத்தில உங்கள வர விட்டாங்களா?" என்றாள் சந்திரிகா.

"நான் இண்டைக்கு லீவு" என்றார் நளீர். "லீவு போட்டுட்டு வந்தீக்கிறன். வேலை நாள்ல இந்த வேலைய செய்ய ஏலா."

வீட்டைப் பார்த்தார். பையன் படுக்கிற இடத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு முனியாண்டியிடம் பையன் எப்படி என்று விசாரித்தார். அத்தோடு ஹேவாஹெட்டை மாமன் கதை முடிந்தது. நல்ல பையன் சார், நாங்க எல்லாம் எப்ப வருவான்னு பாத்துக்கிட்டுதான் இருக்கோம், மாமன் வீட்டுக்கு யாரு பொலிஸ் ஜீப்பில போறது என்றார் முனியாண்டி. சந்திரிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிளேன்டீயைக் குடித்துவிட்டு நளீர் அங்கேயே இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. "அண்டைக்கு நீங்க மைக்ல நன்றி சென்னீங்க" என்றார். "எனக்கு ஊட்டுக்குப் போய்த்துச் சோறு எறங்கல்ல." குடையை விரித்தார்.

அடுத்த நாளே நீதவான் அறிக்கையை வாசித்தார். ஏன் இதை முதலிலேயே தரவில்லை என்று கேட்டார். பதில் சொல்ல எழுந்தவரை உட்காரச் சொன்னார். மோகனதாஸை விட்டுவிட்டார்கள். சோதினையில் பாதி போய்விட்டிருந்தது, இனி மிச்சத்தை எழுதிப் பிரயோசனமில்லை. நிறுத்திவிட்ட பழைய முறையில் அறிக்கை எழுதியதற்கு நளீரிடம் விளக்கம் கேட்டு, பிறகு அவரை மகியங்கனைப் பக்கம் மாற்றினார்கள். மங்களேஸ்வரி அந்தச் செய்தியைச் சொல்லும்போதும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பணியகத்தின் வருட அறிக்கையில் அமைச்சரும் ராஜலிங்கமும் கை பிடித்த படம் அட்டையிலேயே வந்தது.

மகன் வீடு வந்த மறுநாள், அவனை வீட்டில் விட்டுவிட்டு ராஜலிங்கம் வேலைக்குப் போனான். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தபோது சந்திரிகா அடுப்படியில் இருந்தாள். மோகனதாஸ் வாசல் பக்கம் பாயில் உட்கார்ந்து புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தான். ராஜலிங்கம் தொப்பியும் நீலச் சட்டையுமாகப் படியில் கால் வைத்தான்.

பையன் துள்ளி எழுந்தான். சுவரோடு ஒட்டி நின்று, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்தான்.

ராஜலிங்கம் அங்கேயே நின்றுவிட்டான்.

"டேய், நான்தான்டா."

"தெரியும் சார்" என்றான் மோகனதாஸ்.